எட்டு மணிக்கு ஏற்றிய சூடு

ஓட்டப் போட்டி எதற்கும் முன்னால், ஓடும் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் உடல் சூடேற்றும் பயிற்சி செய்விக்கப்பட வேண்டும். பயிற்சி முடிந்து கால் மணித்தியாலத்துக்குள் போட்டி தொடங்காவிட்டால் அந்தப் பயிற்சி மீண்டும் செய்விக்கப்பட வேண்டும்.

நான் பிள்ளையாக இருந்த காலத்தில் பாடசாலைகளுக்குக் கல்வித் திணைக்களம் அனுப்பிய ஒரு சுற்றுநிருபம் இப்படிச் சொன்னது. சொற்கள் முன்பின்னாக இருக்கலாம், கருத்து இதுதான். முதல் வாக்கியம் முதலாம் பக்கத்தின் அடியில் இருந்தது. இரண்டாவது வாக்கியம் இரண்டாம் பக்கத்தின் தலையில் இருந்தது. முப்பத்துநான்கு வருடம் அரச அலுவலகங்களில் சுற்றுநிருபம் வாசித்துச் சம்பளம் வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன், காரியமான சங்கதி எப்போதும் இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கும். வாசிக்கிறவர்கள் முதலாவதோடு கையொப்பம் வைத்துவிடுவார்கள்.

உங்களில் பலர் போன மாதம் வாசிகசாலை மண்டபத்துக்கு வந்திருந்தீர்கள். ஓய்வூதியம் எடுக்கும் பெண்களுக்கு நடைப்பயிற்சி பற்றிச் சொல்லித்தர ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இயன்மருத்துவப் பிள்ளை வந்தாளே, கறுப்பு அபாயாவும் வெள்ளைச் சப்பாத்துமாக, அன்றைக்கு. "நடக்க வெளிக்கிட முன்ன பத்து நிமிசம் கால் தசையைச் சூடாக்கிக்கொள்ளுங்க உம்மா" என்றாள். உங்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், "நாங்க கல்முனையில பொறந்த ஆக்கள் மகள், எங்களுக்கு எப்பவும் சூடுதான்" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாய் என்று கேட்டீர்கள். அதற்கான விளக்கத்தை எழுத்தில் தருகிறேன். எழுத்தில் தருவது என் தொழில்.

அந்தச் சுற்றுநிருபம் வந்த வருடம் எனக்குப் பத்து வயது, என் மூத்த சகோதரி ராத்தாவுக்குப் பதினாலு. மருதமுனையில் எங்கள் வீட்டின் பின்னறையில் குழித்தறி ஒன்று இருந்தது. உம்மா சாரன் நெய்வார். பாடசாலை விட்டு வந்ததும் ராத்தா கஞ்சியைக் குடித்துவிட்டுத் தறிக் குழிக்குள் காலை விடுவாள், பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் மிதிப்பாள். வலது, இடது, வலது, இடது. அந்தச் சத்தத்தில்தான் நான் வாய்பாடு பாடமாக்கினேன். இன்றைக்கும் ஏழாம் வாய்பாட்டைத் தறிச் சத்தம் இல்லாமல் எனக்குச் சொல்ல வராது. மிதித்து மிதித்து ராத்தாவின் கால்கள் எங்கள் வாப்பாவின் கால்களைவிட உரமாகிவிட்டன.

அந்தக் கால்களைக் கண்டுபிடித்தவர் விளையாட்டு டீச்சர். வீரமுனையிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைப் பருத்திச் சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்துப் போடுவார். பொம்பிளை ஒருவர் சப்பாத்துப் போட்டு நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தரம். கழுத்தில் விசில், கையில் கபில நிற அட்டை போட்ட ஒரு கொப்பி. வந்த சுற்றுநிருபங்களை எல்லாம் அந்தக் கொப்பியில் தன் கையால் பார்த்து எழுதி வைத்திருப்பார். இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து.

எங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகள் ஓடுவது அந்த வருடம்தான் தொடங்கியது. அதற்காகப் பெற்றார் சங்கம் கூடி இரண்டு மணித்தியாலம் கதைத்தது. நான்கு பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி அடைக்க வேண்டும், காற்சட்டை கணுக்கால் வரைக்கும் இருக்க வேண்டும், முக்காடு ஊசி குத்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்த நிபந்தனைகள் மேல் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. உம்மா தன் கையால் நெய்த வெள்ளைத் துணியில் காற்சட்டை தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டே ராத்தா இரண்டு வகுப்பு மூத்த பிள்ளைகளையும் தோற்கடித்தாள். அவளைத் தடக்கியது துணி அல்ல.

கூட்டத்துக்குப் போன வாப்பா இராச்சோற்றுக்கு இருந்தபடி கடைசி நிபந்தனையைச் சொன்னார்.

"தலைவர் சொல்லிட்டார். ஒரு வருசத்துக்குப் பாப்பமாம். ஒண்டும் பிழைக்காட்டி அடுத்த வருசமும் ஓடட்டுமாம். பிழைச்சா இதோட நிப்பாட்டாம்."

"பிழைக்காது வாப்பா" என்றாள் ராத்தா.

"என்னத்த வெச்சுச் சொல்றாய்?"

"டீச்சர் எல்லாம் முறைப்படிதான் செய்ற."

வாப்பா மீன் முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தார். "போட்டியில வெண்டியெண்டா அம்பாறைக்குப் போகணுமாமே. அங்க மாவட்டப் போட்டியாம்."

"நீங்களும் வாங்க வாப்பா. டீச்சரும் வாறாவாம்."

"ம்" என்றார். எங்கள் வீட்டில் அது கையொப்பமும் முத்திரையும் வைத்த அனுமதி.

போட்டிக்கு முந்திய ஆறு கிழமையும் காலை மணி அடிக்க முன்னால் டீச்சர் பிள்ளைகளை வகுப்பறைகளுக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போவார். அங்கே கிணறும் நாலு தென்னையும் இருந்தன. நான் ஓடுகிற பிள்ளை இல்லை. ராத்தாவின் புத்தகப் பையைக் காவலிருக்கும் பிள்ளை. வெள்ளாமை வெட்டுக் காலம், பின் வீதியால் வைக்கோல் வண்டிகள் போகும், காற்றெல்லாம் பச்சை வைக்கோல் மணக்கும். முதலில் கிணற்றைச் சுற்றி மெதுவாக ஓட்டம். ஓட்டம் என்பதைவிட அவசர நடை. பிறகு டீச்சர் ஒவ்வொரு பயிற்சிக்கும் தானே வைத்த பெயரைக் கூப்பிடுவார். "சுளகு!" என்றால் இடுப்பைத் திருப்பிப் புடைக்க வேண்டும். "கதிர் பொறுக்கு!" என்றால் ஒரு காலை முன்னே நீட்டி, முழங்காலை மடக்காமல் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். "வலை இழு!" என்றால் கையும் தோளும். ராத்தா ஒரு நாள் தானாகவே ஒன்றைச் செய்து காட்டினாள், நின்ற இடத்தில் குதிகாலை மாறி மாறித் தூக்கி இறக்குவது. டீச்சர் அதற்குத் "தறி மிதி" என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. ஓடத்தானே வந்தோம், இது என்ன கூத்து என்று ஒரு பிள்ளை முணுமுணுத்தாள். டீச்சர் ராத்தாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கட ஊட்டுத் தறியில விடியக்காலம பாவு நூல் எப்பிடி நிக்கும் புள்ள?"

"இறுகி நிக்கும் டீச்சர்."

"ஒரேயடியா வேகமா மிதிச்சா?"

"நூல் அறும்."

"அப்ப உம்மா என்ன செய்வா?"

"நாலு மிதி மெதுவா மிதிச்சிப் பாப்பா. மறுகாத்தான் வேகம்."

"நூலுக்கே அந்த மரியாதை குடுக்கிறா. தொடைக்குப் பின்னால இருக்கிறதும் நூல்தான் புள்ளயள், கட்டுக்கட்டா நூல். முணுமுணுக்காமக் கதிர் பொறுக்குங்க."

அன்று பின்னேரம் ராத்தா தறியில் இருந்தபடி இதை உம்மாவிடம் ஒப்புவித்தாள். உம்மாவுக்குப் பெருமை. பாடசாலையில் தன் தொழில் உதாரணமாகியிருக்கிறது. பாவு நூலை நீவிக்கொண்டு சொன்னார்:

"டீச்சர் சொல்றது சரிதான். ஆனா மெதுவா மிதிச்சா மட்டும் போதாதுகா. இந்த வெயில் காலத்தில நூல் காஞ்சிரும். காஞ்ச நூல் எப்பிடி மிதிச்சாலும் அறும். ஈரம் வெச்சிரிக்கணும். உங்கட டீச்சர் தறி நெய்யாத ஆள், அவவுக்கு அது தெரியாது."

சொல்லிக்கொண்டே தண்ணீர்க் கோப்பையில் விரலைத் தோய்த்துப் பாவின் மேல் தெளித்தார். நூலைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

போட்டிக்கு முதல் நாள் அதிபர் ரோனியோவில் அடித்த நிகழ்ச்சி நிரலை எல்லோருக்கும் கொடுத்தார். கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம். ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்களின் மறுபக்கத்தில்தான் அடித்திருந்தார்கள். மை மணம் வீட்டுக்குப் போகும் வரை விரலில் இருந்தது. நிரலின் முதலாம் இலக்கம்: காலை 8.00, உடல் சூடேற்றல். அதிபருக்கு அதில் பெரிய திருப்தி. எங்கள் அதிபர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு விதி நிரலில் ஏறிவிட்டால் அது நிறைவேறிவிட்டது என்று நம்பும் மனிதர். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த அலுவலகங்களில் என்னைத் தவிர எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். முதல் பதினைந்து வருடத்துக்குப் பிறகு என்னையும் சேர்த்து.

அடுத்த நாள் சரியாக எட்டு மணிக்கு டீச்சர் விசில் ஊதினார். சுளகு, கதிர் பொறுக்கு, வலை இழு, தறி மிதி. பிள்ளைகளின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. ராத்தா என்னைப் பார்த்து, "இப்ப விட்டா அம்பாறைக்கே ஓடிருவன்" என்றாள். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அதிபர் தன் பிரதியில் முதலாம் இலக்கத்தைச் சிவப்பு மையால் வெட்டினார்.

இரண்டாம் இலக்கம்: 8.30, பிரதம விருந்தினர் வருகை.

பிரதம விருந்தினர் அன்று காலையில் பாலமுனையில் ஏதோ கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் போயிருந்தார். அங்கே கல்லுக்குப் பிறகு சாப்பாடும் இருந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. எந்த நேரமும் வரலாம் என்பதால் பிள்ளைகள் இல்ல வாரியாக வரிசையில் நின்றார்கள். சந்தியில் ஒருவர் பச்சைத் துணியோடு நின்றார், கார் தெரிந்ததும் ஆட்ட. ஒன்பது மணிக்கு ஒரு தரம் ஆட்டினார். எல்லோரும் நிமிர்ந்தோம். பாண் வேன். ஒன்பதரைக்கு மறுபடி ஆட்டினார். நெல் மூட்டை ஏற்றிய லொறி.

"அதுக்கும் மாலை போடுங்ககா" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"பாண்காரனுக்குப் போட்டிரிந்தா ஆளுக்கொரு பணிசாவது கிடைச்சிரிக்கும்" என்றாள் ராத்தா.

பத்து மணிக்கு மணல் கொதிக்கத் தொடங்கியது. டீச்சர் அதிபரிடம் போனார். நான் வரிசையின் ஓரத்தில், சரியாக அவர்கள் பக்கத்தில் நின்றேன்.

"சேர், பத்து நிமிசம் தாங்க. புள்ளயள் ஆறிப்போயிற்றுகள். நிண்ட இடத்திலயே காலக் கைய ஆட்டட்டும்."

"இப்ப வந்திருவார் டீச்சர். அவர் வந்து இறங்கக்குள்ள புள்ளயள் குதிச்சிக்கொண்டு நிண்டா நல்லாயிரிக்குமா?"

"அப்ப பேச்செல்லாம் முடிஞ்சி, ஓட்டத்துக்கு முன்னாலயாவது."

"எட்டு மணிக்குச் செஞ்சாச்சே. நான் வெட்டியும் போட்டுட்டன். நிரல்ல ரெண்டாந்தரம் செய்ய எங்க இடமிரிக்கி?"

"சுற்றுநிருபத்தில இரிக்கி சேர். கால் மணித்தியாலத்துக்கு மேல போனா மறுபடியும் செய்யத்தான் வேணும்."

அதிபர் வானத்தைப் பார்த்தார். "இந்த வெயிலுக்க ஒரு பானை தண்ணிய வெச்சா அதுவே கொதிக்கும் டீச்சர். புள்ளயள்ற காலுக்கு இதுக்கு மேல என்ன சூடு வேணும்?"

பக்கத்தில் இருந்த சங்கத் தலைவரும் மற்ற வாப்பாமாரும் சிரித்தார்கள். வாசிகசாலை மண்டபத்தில் நீங்கள் சிரித்தீர்களே, அதே சிரிப்பு. டீச்சர் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார்.

விருந்தினர் பதினொரு மணி தாண்டி வந்தார். குர்ஆன் ஓதும் கிறாஅத், வரவேற்புரை, மாலை, இல்லங்களின் அணிநடை. அதற்குப் பிறகு அவர் பேசினார். ஆரோக்கியமான உடலின் அவசியத்தைப் பற்றி நாற்பது நிமிடம், ஓலைப் பந்தலுக்குள் நின்று. பிள்ளைகள் வெயிலுக்குள் நின்று அதைக் கேட்டார்கள்.

பேச்சு முடிந்ததும் பெண்பிள்ளைகளின் இருநூறு மீற்றர். ஓடுகிற ஐந்து பேரும் தொடக்கக் கோட்டுக்குப் போனார்கள். கோடு கிணற்றடிப் பக்கம். அதற்குப் பக்கத்தில்தான் பார்க்க வந்த பெண்களுக்குக் கிடுகால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். உம்மா கிடுகு இடைவெளியால் ராத்தாவைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, நாலு மணித்தியாலமா வெயிலுக்க நிண்டு புள்ளட காலெல்லாம் காஞ்சி போயிற்று" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "மகள், கெதியா ஓடு. கிணத்தில ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து ராத்தாட கால்ல ஊத்து. தொடைக்கும் சேத்து ஊத்து. ஈரம் இல்லாட்டி அறும்."

நான் ஓடினேன். அந்தப் பாடசாலை மைதானத்தில் அன்று சரியான நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான். கிணற்றின் அடித் தண்ணீர், கை விறைக்கும் குளிர். தகர வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், ராத்தாவின் காற்சட்டைக்கு மேலால் தொடையிலிருந்து கணுக்கால் வரை ஊற்றினேன். வெள்ளைத் துணி ஒட்டிக்கொண்டது.

"ஆ" என்று ராத்தா கண்ணை மூடினாள். "சுகமா இரிக்கிகா. பின்னாலயும் ஊத்து."

பின்னாலும் ஊற்றினேன்.

முடிவுக் கோட்டில் நாடா பிடித்துக்கொண்டிருந்த டீச்சர் அதைக் கண்டார். நாடாவை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஊத்தாத! புள்ள, ஊத்தாத!" விசிலும் ஊதினார். தொடக்கி வைக்கும் பலகைகளைக் கையில் வைத்திருந்த அதிபர் டீச்சரைப் பார்க்கவில்லை. அவர் விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினர் கையை உயர்த்தினார். பலகைகள் அறைந்தன.

ராத்தா மற்றவர்களை முதல் இருபது அடியிலேயே விட்டுவிட்டாள். வளைவில் அவளுக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டி போகலாம். வாப்பா கதிரையிலிருந்து எழுந்து நின்றார், அவர் அப்படி எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. வளைவு முடிந்து நேராகும் இடத்தில் ராத்தாவின் கை பின்தொடைக்குப் போனது. யாரோ பின்னாலிருந்து அடித்தது போல ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒற்றைக் காலில் மூன்று பாய்ச்சல். பிறகு சுண்ணாம்புக் கோட்டின் மேல் முகம் குப்புற விழுந்தாள். மற்ற நாலு பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள்.

கூட்டம் கூடியது. அதிபர் டீச்சரிடம், "என்ன டீச்சர் இது? என்ன நடந்த?" என்று கேட்டார். தலைவரும் வந்து நின்றார். நான் வாளியோடு அங்கேயே நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். கிடுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் உம்மாவைப் பார்த்தார்.

"சூடு ஆறிப்போச்சு சேர்" என்றார். "எட்டு மணிக்கு ஏத்தின சூடு."



"நான் சொல்லல்லியா?" என்றார் தலைவர், எல்லாருக்கும் கேட்க. "பொம்புளப் புள்ளட உடம்பு ஓடுறதுக்கு உள்ளதில்ல. இப்ப பாத்தீங்கதானே."

கிழிந்த தசைக்கு முதலில் குளிர்தான் வைக்க வேண்டும், உருவக் கூடாது என்று இன்றைக்கு அந்த இயன்மருத்துவப் பிள்ளைக்குத் தெரியும். அன்று உம்மாவுக்குத் தெரிந்தது எண்ணெய்தான். நல்லெண்ணெயைக் காய்ச்சி, இரண்டு கையாலும் அழுத்தி, ஏழு நாள் உருவினார். ராத்தா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சூடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதைக் கிழிசலின் மேல் வைத்துத் தேய்த்தோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, உருவிக்கொண்டே உம்மா தனக்குத்தானே சொன்னார்:

"தண்ணி போதாமப் போயிற்றோ தெரியா. இன்னொரு வாளி ஊத்தியிரிந்தா அறுந்திரிக்காது."

ராத்தா தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். உம்மா கண்ணை மூடி மௌத்தாகும் வரைக்கும் அந்த இன்னொரு வாளியை நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கம் கூடியது. இந்த முறை இரண்டு மணித்தியாலம் தேவைப்படவில்லை. பெண்பிள்ளைகளின் ஓட்டம் நிறுத்தப்பட்டது. விளையாட்டுப் போட்டியில் அவர்களுக்கு இனிமேல் கோலம் போடுதலும் ஊசியில் நூல் கோர்த்தலும். அதிபர் டீச்சரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார். டீச்சர் சுற்றுநிருபத்தின் இரண்டாவது வாக்கியத்தைக் காட்டிப் பதில் எழுதினார். அதிபர் கோப்பைத் திறந்தார். முதலாம் பக்கம் இருந்தது. இரண்டாம் பக்கம் இல்லை. டீச்சரின் கொப்பி அவர் சொந்தக் கையெழுத்து, அது அத்தாட்சி ஆகாது. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில், காலை எட்டு மணிக்கு உடல் சூடேற்றல் நடைபெற்றது என்று எழுதியிருந்தது. அதுவும் உண்மை.

அந்த இரண்டாம் பக்கம் எங்கே போனது? நிகழ்ச்சி நிரலை எந்தத் தாள்களின் மறுபக்கத்தில் அடித்தார்கள் என்று முன்னரே சொன்னேன். பந்தலுக்குள் இருந்தவர்கள் அன்று முழுக்க அவற்றால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகத்தைக் கோப்பில் இட முடியாது.

அடுத்த தவணைக்கு டீச்சர் இடமாற்றமாகிப் போனார். போகும்போது கொப்பியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். நொண்டிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் போன ராத்தாவிடம், "கதிர் பொறுக்கு மட்டும் விடாமச் செய் புள்ள, நோகாத அளவுக்கு. கால் கட்டையாகாது" என்றாராம். பாதி உண்மையானது. கால் முழுதாகக் கட்டையாகவில்லை.

அந்தக் கொப்பியைப் பார்த்து ராத்தா திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதினாலு வயது. வாப்பாவிடம் முத்திரைக்குக் காசு கேட்டபோது, "அங்க ஆர் புள்ள இதை வாசிக்கப் போற?" என்றார். "அவங்க எழுதினதப் பத்தித்தானே கேக்கன்" என்றாள். சுற்றுநிருபத்தின் இலக்கம், பிரிவு, பயிற்சி முடிந்த நேரம், ஓட்டம் தொடங்கிய நேரம், இடையில் நின்ற மணித்தியாலங்கள், எல்லாம் வரிசையாக. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. தாமதமானால் பயிற்சி மீண்டும் செய்விக்கப்பட வேண்டுமா, இல்லையா? ஆம் என்று ஒரு வரி எழுதினால் போதும், அதை எங்கள் சங்கத்துக்குக் காட்டினால் அடுத்த வருடம் பிள்ளைகள் ஓடுவார்கள் என்று முடித்திருந்தாள். தனக்காகக் கேட்கவில்லை. தன் கால் முடிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

கடிதத்தைப் பிழை பார்க்க என்னிடம்தான் தந்தாள். அதில் வாளி இல்லை. உம்மா இல்லை, நான் இல்லை. கிணறே இல்லை. பத்து வயதில் நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சேர்த்துவிடுவாளோ என்று பயம். முக்கியமான சங்கதி ஒன்றை வேண்டுமென்றே மறைத்து எழுதிய மனு அது. நான் அதிகாரியாக இருந்த காலத்தில் அப்படியொரு மனு என் மேசைக்கு வந்திருந்தால், முழு விபரம் தருக என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

என் மேசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்ந்த பிறகு என்னையும் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். முதல் தரம் சொன்ன நேரத்துக்குப் போனேன். பந்தல் முடியவில்லை, மாலை வரவில்லை, அதிபர் பதறிப்போய் என்னைத் தன் அறைக்குள் இருத்தி மின்விசிறியைப் போட்டுவிட்டு ஓடினார். பிள்ளைகள் என்னைக் காணக் கூடாதாம். அடுத்த தரம் அரை மணித்தியாலம் பிந்திப் போனேன், எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அதற்கடுத்த தரம் ஒரு மணித்தியாலம். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் மாலையைப் போட்டுக்கொண்டு போய் அமர்ந்தேன். அவர்களின் கால்களைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

ராத்தாவின் கடிதத்துக்கு முதல் வருடம் பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் அவள் தறியை நிறுத்துவாள். இரண்டாம் வருடம் நினைவூட்டல் கடிதம் ஒன்று போட்டாள். அதற்கும் இல்லை. மூன்றாம் வருடம் தபால்காரர் வந்தாலும் தறி நிற்கவில்லை. இடது, வலது, பிறகு ஒரு சிறிய இழுப்பு, இடது, வலது. சத்தத்தில் அந்த இழுப்பு எனக்குக் கேட்கும். அவளுக்குப் பதினெட்டு வயதில் கலியாணம் நடந்தது.

பதில் வந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். ராத்தா பிள்ளைப்பேற்றுக்கு உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கபில நிறக் கடித உறை, அரச பணி என்று அச்சடித்தது, அவளுடைய கலியாணத்துக்கு முந்திய பெயருக்கு. பிள்ளை மடியில் கிடந்ததால் என்னை வாசிக்கச் சொன்னாள்.

உமது கடிதம் கிடைத்தது. நீர் குறிப்பிட்ட ஏற்பாடு சரியானதே. கால் மணித்தியாலத்துக்கு மேல் தாமதம் ஏற்படின் பயிற்சி மீண்டும் செய்விக்கப்பட வேண்டும். அடுத்துவரும் போட்டியில் இதனைக் கவனத்திற்கொண்டு பங்குபற்றவும்.

அவ்வளவுதான். கீழே விளங்காத ஒரு கையொப்பம்.

"மறுகா ஒருக்கா வாசி" என்றாள் ராத்தா. வாசித்தேன்.

பின்னறையில் உம்மாவின் தறி நின்றது. "என்னவாம் புள்ள? ஆர்ர கடிதம்?"

ராத்தா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். "ஒண்டுமில்ல உம்மா" என்றாள். "பழைய அட்ரசுக்கு வந்திரிக்கி."

தறி மறுபடி தொடங்கியது. ராத்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது காலை இழுத்தபடி அறைக்குள் போனாள். அந்தக் கடிதத்தையும் கொப்பியையும் தறியையும் பிற்காலத்தில் கடல் வந்து கொண்டுபோயிற்று. ஆனால் உறையின் மேலிருந்த திகதி முத்திரை எனக்கு மனப்பாடம். எங்கள் தபாற்கந்தோருக்கு அது வந்து சேர்ந்த திகதி ஒக்டோபர் பத்தொன்பது. ராத்தா மூத்த மகளைப் பெற்று அன்றைக்கு நாற்பதாம் நாள்.